எத்தனை மிளகாய்?

"நன்றாக இருந்தது" என்றேன். பரிமாறிய பெண் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி, எல்லா மேசைகளிலும் கேட்கிற அதே குரலில், "சாப்பாடு எப்படி இருந்தது?" என்று கேட்டிருந்தார். நன்றாக இல்லை. வாங்கிய நான்கு பதார்த்தங்களில் ஒன்றுகூட நன்றாக இல்லை. ஆனால் என் வாய் என்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வெளியே வந்து விழுந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா அப்போது என்னைப் பார்த்த பார்வை இரண்டு மாதங்களாகக் கூடவே வருகிறது. மோசமான சாப்பாடு மறுநாள் காலையில் மறந்துவிடும். இத்தனை சரளமாக ஒரு பொய் வந்ததுதான் செருப்புக்குள் சிக்கிய கல்லைப்போல உறுத்திக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் தாய்லாந்து உணவின் புராணத்தைப் பாடியவன் நான்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பது நாட்கள் பாங்காக்கில் இருந்தேன். ஒன்பது நாட்களை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் பேசுகிறவன் என்று அக்கா சொல்வாள். அவளுக்கு மனப்பாடமாகிவிட்ட கதை ஒன்று உண்டு. நடைபாதையோரம் ஒரு பெண்மணி மண் உரலில் பச்சைப் பப்பாளித் துருவலை மரக் குழவியால் இடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ப்ரிக் கீ மெட்?" என்றார். எத்தனை மிளகாய் என்று கேட்கிறார் என நண்பர் விளக்கினார். நான் மூன்று விரல்களைக் காட்டினேன். அந்தப் புளிப்பு, அந்த உறைப்பு, கண்ணில் வந்த நீர், உடனே வாங்கிய இரண்டாவது தட்டு என்று கதை நீளும். இருபது முறையாவது சொல்லியிருப்பேன். ஆகவே அக்காவின் பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோது, "இந்த ஒருமுறை என்னை நம்புங்கள்" என்று சொல்லி, அக்கா, அத்தான், மருமகள் மூவரையும் ஒரு தாய் உணவகத்துக்கு அழைத்துப்போனேன். "தாய் உணவகம் என்று பெயர் வைத்தால் தாய் சமைத்ததுபோல இருக்க வேண்டாமா?" என்று அக்கா பின்னால் கேட்கப்போகிறாள் என்பது அப்போது தெரியாது.

நான்கு தட்டுகள், ஒரே இனிப்பு

முதலில் ஸோம் தம் வந்தது. 'ஸோம்' என்றால் புளிப்பு, 'தம்' என்றால் இடித்தது. பெயரில் இருக்கிற இரண்டும் தட்டில் இல்லை. பப்பாளியைக் குச்சி குச்சியாகச் சீவி, ஏதோ குழம்பிய இனிப்புச் சாற்றை மேலே ஊற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். இடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. குழவி படும்போது துருவல் லேசாக நசுங்கும்; நசுங்கிய இடம் வழியாகத்தான் எலுமிச்சையும் மீன் சாறும் பனைவெல்லமும் உள்ளே இறங்கும். இடிபடாத பப்பாளியில் சாறு வெளியிலேயே நிற்கிறது. கடிக்கும்போது முதலில் சர்க்கரை, பிறகு தண்ணீர், பிறகு ஒன்றுமில்லை.

அடுத்தது டோம் யாம் என்கிற புளிப்பும் உறைப்புமான சூப். அதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும், கொதிக்கவிட்டால் கசந்துவிடும். கொதிக்கவிட்டிருந்தார்கள். அந்தக் கசப்பை மறைக்கச் சர்க்கரை போட்டிருந்தார்கள் என்பது என் ஊகம்.

பச்சைக் குழம்புதான் எனக்கு மிகப் பெரிய வருத்தம். 'கேங் கியாவ் வான்' என்பது அதன் பெயர். 'வான்' என்றால் இனிப்பு என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரில் அது பச்சையின் மென்மையைக் குறிக்கிறது, இளம்பச்சை என்று நாம் சொல்வதுபோல. யாரோ அதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று தோன்றியது. கெட்டித் தேங்காய்ப்பாலை முதலில் அடுப்பில் வைத்து, அது திரிந்து எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அந்த எண்ணெயில்தான் அரைத்த விழுதை வதக்க வேண்டும். 'தேக் மன்' என்பார்கள், கொழுப்பு உடைவது என்று வைத்துக்கொள்ளலாம். குழம்பின் மேல் மினுமினுவென்று பச்சை எண்ணெய் மிதப்பது அதனால்தான். அட்டைப் பெட்டியில் வருகிற தேங்காய்ப்பால் பலவற்றில், பால் பிரியாமலிருக்கப் பொருட்கள் சேர்த்திருப்பார்கள்; அதை எத்தனை நேரம் காய்ச்சினாலும் உடையாது. எங்களுக்கு வந்த குழம்பு சுவருக்கு அடிக்கிற வண்ணம்போல ஒரே சீராக இருந்தது. பேரரத்தை மணக்க வேண்டிய இடத்தில் இஞ்சி மணத்தது. சுண்டைக்காய் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பட்டாணி உருண்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் என்று சமையலறையில் யாரோ சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசியாகப் பாட் தாய். சிவப்பாக வந்தது. புளியின் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டிய அரிசி நூடுல்ஸ், தக்காளி சாஸின் நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. இதை ஒரு தட்டுக்கான அளவில், கடும் தீயில், விறுவிறுவென்று புரட்டி எடுக்க வேண்டும். பல தட்டுகளுக்குச் சேர்த்து ஒரே வாணலியில் போட்டால் நூடுல்ஸ் வறுபடாமல் தன் ஆவியிலேயே வெந்து குழைந்துவிடும். "எனக்குப் பிடித்திருக்கிறது மாமா" என்று மருமகள் அதை முழுவதும் சாப்பிட்டாள். அத்தான் பச்சைக் குழம்பை நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். அந்தத் 'தான்' இருக்கிறதே, அதைப்போல நாகரிகமான கண்டனத்தை நான் கேட்டதில்லை.

நான் தேர்ந்தெடுத்ததில் தவறு ஒன்றுமில்லை என்று இப்போதும் வாதாடுவேன். தாய்லாந்தில் சாப்பாடு என்றால் சோறு. மற்றதெல்லாம் 'கப் காவ்', அதாவது சோற்றோடு சேர்வது. நடுவில் நான்கைந்து பாத்திரங்களை வைத்து, ஒவ்வொருவரும் ஒரு கரண்டி எடுத்துத் தம் சோற்றில் போட்டு, அதைச் சாப்பிட்ட பிறகு அடுத்ததற்குப் போவார்கள். ஒரே பாத்திரத்தில் எல்லாச் சுவையும் அடங்கியிருக்க வேண்டியதில்லை. மேசை மொத்தத்திலும் இருந்தால் போதும். ஒன்று உறைத்தால் பக்கத்தில் இருக்கிற தேங்காய்ப்பால் ஆற்றும். அது திகட்டினால் பக்கத்தில் இருக்கிற புளிப்பு வெட்டும். எங்கள் மேசையில் புளிப்புக்கு ஒன்று, உறைப்புக்கு ஒன்று, தேங்காய்ப்பாலுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் நான்கும் ஒரே இனிப்பில் வந்து நின்றால் எதை எதற்கு எதிராக நிறுத்துவது? மேசையில் பூச்சாடி இருந்தது. நான்கு சிறு குப்பிகள் இல்லை. அங்கே நூடுல்ஸ் கடைகளில் 'க்ருவாங் புவாங்' என்று ஒரு செட் மேசைதோறும் இருக்கும்: சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய் நறுக்கிப்போட்ட மீன் சாறு. சமையல்காரர் முக்கால்வாசி முடித்துக் கொடுப்பார். மீதியைச் சாப்பிடுகிறவர் முடித்துக்கொள்ள வேண்டும். பூச்சாடியை வைத்துக்கொண்டு எதை முடிப்பது?

ஒரு பிரதமரின் ஏமாற்றம்

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. இது தாய் உணவே இல்லை என்று அத்தானிடம் தொலைபேசியில் அரை மணி நேரம் முழங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எது தாய் உணவு என்று யார் முடிவு செய்வது?" என்றார். அத்தான் இப்படித்தான், வாதம் செய்ய மாட்டார், ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

இதை முடிவு செய்ய அந்த நாட்டு அரசே முயன்றிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2002இல் 'குளோபல் தாய்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அப்போது உலகெங்கும் சுமார் 5,500 தாய் உணவகங்கள் இருந்தன. அவற்றைப் பெருக்கினால் ஏற்றுமதியும் சுற்றுலாவும் பெருகும் என்று கணக்கு. கோல்டன் லீஃப், கூல் பேசில், எலிஃபன்ட் ஜம்ப் என்று மூன்று தரத்தில் மாதிரி உணவகங்களைக்கூட வகுத்தார்கள். யானை எங்கே குதித்தது என்று கேட்காதீர்கள். பிறகு, யிங்லக் சினவத்ரா பிரதமராக இருந்தபோது வெளிநாட்டுப் பயணங்களில் தாய் உணவு என்ற பெயரில் கிடைத்ததைச் சாப்பிட்டு மனம் நொந்திருக்கிறார். அதன் தொடர்ச்சியாகத் தொடங்கிய முயற்சியில், அவர் பதவி இழந்த பிறகு, 2014இல் ஒரு கருவியே வெளிவந்தது. குழம்பைக் கொஞ்சம் உள்ளே விட்டால், உணரிகளை வைத்து மணத்தையும் சுவையையும் அளந்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எண்பதுக்குக் கீழே போனால் தேறவில்லை என்று பொருள். ஒரு நாட்டின் பிரதமருக்கே என் நிலைமைதான் என்று அறிந்தபோது ஏற்பட்ட ஆறுதலை மறைக்க மாட்டேன். எங்கள் பச்சைக் குழம்பை அதில் ஊற்றினால் எத்தனை வரும் என்றும் கற்பனை செய்து பார்த்தேன். கருவி மறுத்துப் பேசும் என்று தோன்றியது.

ஆனால் அத்தானின் கேள்வி அதற்குள் அடங்கவில்லை. நான் சிவப்பு நிறத்துக்காகச் சண்டை போட்ட பாட் தாய் அப்படியொன்றும் பழங்காலத்து உணவில்லை. சீன நூடுல்ஸ் வறுவலின் வழிவந்தது. 1939இல் சயாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிய பிபுன் சொங்க்ராமின் அரசுதான், தேசிய உணர்வை வளர்க்கிற வேகத்தில், இந்த நூடுல்ஸை நாடெங்கும் பரப்பியது. மிளகாய்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். அதற்கு முன் உறைப்பு மிளகிடம் இருந்தது. இன்றைக்கும் அவர்கள் மொழியில் மிளகுக்கு 'ப்ரிக் தாய்' என்று பெயர். மிளகாயை வெறும் 'ப்ரிக்' ஆக்கிவிட்டு, பழைய மிளகுக்குத் தாய் என்ற அடைமொழியைக் கொடுத்துவிட்டார்கள். வந்தவன் வீட்டுக்காரனாகி, வீட்டுக்காரனுக்கு அடையாள அட்டை கொடுத்த கதை. அசல், அசல் என்று நான் முழங்கியது எந்த ஆண்டின் அசலை என்று எனக்கே தெரியவில்லை.

தொக், தொக்

இதுவரை சொல்லாமல் தள்ளிப்போட்டதைச் சொல்லிவிடுகிறேன். அன்று இரவு அந்தப் பொய்யைச் சொன்னதோடு விஷயம் முடியவில்லை. பணம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனேன். மற்ற மேசைகள் காலியாகிவிட்டிருந்தன. அப்போது சமையலறைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தொக், தொக், தொக். மண் உரலில் மரக் குழவி விழுகிற சத்தம். நாங்கள் அங்கே இருந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறைகூட அது கேட்கவில்லை. எங்கள் ஸோம் தம் வருவதற்கு முன்னாலும் கேட்கவில்லை. ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன். கதவோரம் ஒரு சிறு மேசையில் மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர் நின்றுகொண்டு இடித்துக்கொண்டிருந்தார். மேசையில் நான்கு குப்பிகளும் இருந்தன.

எங்களுக்குப் பரிமாறிய பெண் எழுந்து வந்தார். "எங்களுக்கும் ஸோம் தம் கொடுத்தீர்களே, அது இதுவா?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் சூடு இருந்திருக்க வேண்டும். "இது நாங்கள் சாப்பிடுவது. வாசனை உங்களுக்கு ஒத்துவராது" என்றார். "நான் பாங்காக்கில் சாப்பிட்டிருக்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். "எல்லோரும் பாங்காக்கில் சாப்பிட்டிருக்கிறார்கள்" என்றார்.

சமையல்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு சின்னத் தட்டில் இரண்டு வாய் எடுத்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஒட்டரிசிச் சோற்றை உருட்டி வைத்து நீட்டினார். அவர் வடகிழக்கே ஈசான் பகுதிக்காரராம். அங்கே ஸோம் தம்மில் வேர்க்கடலையும் காய்ந்த இறாலும் போட மாட்டார்கள். 'ப்லா ரா' ஊற்றுவார்கள். ஆற்று மீனை உப்போடும் வறுத்த அரிசித் தூளோடும் மாதக்கணக்கில் புளிக்கவைத்த கலங்கிய சாறு. வாயில் வைத்தேன். முதலில் மிளகாய் அடித்தது, அதைத் தாங்கிக்கொண்டேன். அதற்குப் பின்னால் வந்ததைத் தாங்க முடியவில்லை. ஆழமான, மக்கிய, குளத்தடிச் சேற்றைப்போன்ற மணம் தொண்டை வழியாக ஏறி மூக்குக்குப் போனது. விழுங்கிவிட்டேன், அதுவரை என் மரியாதை காப்பாற்றப்பட்டது. இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை. மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் நீர் வழிய, "நன்றாக இருக்கிறது" என்றேன். அன்றைக்கு இரண்டாவது முறை. சமையல்காரர் வாய்விட்டுச் சிரித்து, ஒரு துண்டு பச்சை முட்டைக்கோஸை என் கையில் கொடுத்தார். உறைப்புக்கு அதைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண் கதவு வரை கூடவே வந்தார். வருகிற வழியில் சொன்னதுதான் என்னை இந்தக் கட்டுரை வரை இழுத்து வந்திருக்கிறது. "ஆரம்பத்தில் உரலை முன்னால்தான் வைத்திருந்தோம். தட்டுகள் பாதி பாதியாகத் திரும்பி வந்தன. என்ன குறை என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். மிளகாயைக் குறைத்தோம். மீன் சாற்றைக் குறைத்தோம். சர்க்கரையைக் கூட்டிய பிறகுதான் தட்டுகள் காலியாக வந்தன." குறை சொல்லுகிற குரலே இல்லை, மழை பெய்ததால் குடை எடுத்தோம் என்பதுபோலச் சொன்னார். எங்கள் மேசையில் அடுக்கிய நான்கு தட்டுகளும் காலியாக இருந்தன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காசு கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று நானும் அக்காவும் வழித்துச் சாப்பிட்டிருந்தோம்.

அன்று இரவு படுத்துக்கொண்டு அந்த நடைபாதைப் பெண்மணியை நினைத்துப் பார்த்தேன். கதையாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒரு நினைவை மறுபடி உண்மையாகப் பார்ப்பது கடினம். மூன்று விரல் காட்டியது உண்மை. அவர் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார், அதுவும் உண்மை. பிறகு மிளகாய்க் கூடையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து உரலில் போட்டார். அதைப் பார்த்தேன், பார்த்தும் இத்தனை ஆண்டுகளும் அதைக் கதையில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். அங்கே கிடைத்ததும் என் முகத்துக்கு ஏற்றாற்போலச் செய்து கொடுத்ததுதான். அவர் சரியாக அளந்தார், இவர்கள் தவறாக அளந்துவிட்டார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். ஆனாலும் பட்டாணியை மட்டும் மன்னிக்க முடியாது. ப்லா ராவுக்கும் தக்காளி சாஸுக்கும் நடுவே எவ்வளவோ இடம் இருக்கிறது.

சென்ற வாரம் அக்காவோடு மறுபடி அங்கே போனேன். வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். சமையல்காரர் சிரித்த கதையைக் கேட்ட பிறகு கிளம்பிவிட்டாள். கூட்டமில்லாத நாள். அந்தப் பெண் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். உட்கார்ந்ததும், போன முறை எல்லாம் அதிக இனிப்பாக இருந்தது, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்வதற்குள் காது சூடாகிவிட்டது. அவர் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. "குழம்பை இன்றைக்கும் மாற்ற முடியாது, காலையிலேயே வைத்தாகிவிட்டது. பேரரத்தையும் வரவில்லை" என்றார். உள்ளே போய் நான்கு குப்பிகளையும் கொண்டுவந்து, பூச்சாடியைத் தள்ளிவிட்டு வைத்தார். "ஸோம் தம் இப்போதே இடித்துத் தரலாம். ப்லா ரா இல்லாமல், கடலை போட்டு" என்றவர், பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை மிளகாய்?"

நான் இரண்டு விரல்களைக் காட்டினேன். அக்கா கையை நீட்டி அதில் ஒன்றை மடக்கிவிட்டாள்.